ஒரே வாளி மாவு

அடுப்பின் கதவைத் திறந்ததும் மாஸ்டர் முதலில் பார்ப்பது ரொட்டியின் முதுகைத்தான். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், நடுவில் ஒரு கீறல் விட்டிருக்க வேண்டும், நிறம் தேனுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும். அன்று காலையும் நீண்ட மரத்துடுப்பை உள்ளே விட்டு முதல் வரிசை அச்சுகளை இழுத்தார். எல்லா ரொட்டிகளும் நடுவில் குழி விழுந்து, யாரோ ஏறி உட்கார்ந்துவிட்டு எழுந்து போன மெத்தை மாதிரி இருந்தன.

ரொட்டி வேகும்போது பேசக் கூடாது என்பது அந்தக் கடையின் வழக்கம். மாஸ்டர் ஏற்படுத்தியதுதான். பேச்சில் கவனம் போனால் வாசனையைத் தவறவிட்டுவிடுவோம் என்பார். வெந்து முடிந்து வெளியே எடுத்த பிறகும் அன்று அவர் பேசவில்லை. அது வழக்கமல்ல.

முன்பக்கம் கல்லாவில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கும் உக்காந்துடுச்சா?"

"ம்."

"இதை ரொட்டின்னு விக்கிறதா, செங்கல்லுன்னு விக்கிறதா? வீடு கட்டறவங்க யாராவது வந்தா சொல்லுங்க, மொத்தமா தூக்கிக் குடுத்துடலாம்."

மாஸ்டர் துடுப்பைச் சுவரில் சாய்த்தார். "மாவு. எல்லாம் அந்த மருந்து மாவு."

மருந்து மாவு என்று அவர் சொன்னது ஆலையிலிருந்து புதிதாக வரத் தொடங்கியிருந்த மாவை. மூட்டையின் மேல் பச்சை முத்திரை இருக்கும். இனிமேல் ரொட்டி மாவில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் சிறிதளவு கலந்துதான் ஆலைகள் விற்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. பிறக்கப்போகும் குழந்தைகளின் முதுகுத்தண்டுக்கு நல்லது என்று செய்தியில் சொன்னார்கள். மாஸ்டர் அதை அரைக் காதால் கேட்டார். முதல் மூட்டையைப் பிரித்த வாரமே ரொட்டி உட்கார்ந்தது. அப்புறம் அந்த மாவைப் பற்றி எது சொன்னாலும் அவர் முழுக் காதால் கேட்டார், கெட்டதாக இருந்தால் மட்டும்.

அவர் கடையில் மட்டுமல்ல. அந்த ஊரின் ரொட்டிக் கடைக்காரர் சங்கத்தில் ஆறு கடைகள் உண்டு. ஆறிலும் இதே கதை. சாயங்காலத்தில் ஒருவர் கடைக்கு ஒருவர் போய், உட்கார்ந்துபோன ரொட்டியைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்தார்கள். ரஸ்க் கடைத் தம்பி, "என் கடையிலயும் இப்படித்தான் அண்ணே" என்றபோது மாஸ்டருக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது. தான் நினைத்ததையே இன்னொருவரும் நினைத்திருக்கிறார் என்பதில் ஒரு கதகதப்பு இருக்கிறது. அந்தக் கதகதப்பில் யாரும் ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை.

போதாக்குறைக்கு ரேடியோ வந்தார். எதிர்க்கடையில் வாட்ச் ரிப்பேர் செய்பவருக்கு ஊர் வைத்த பெயர் அது. கண்ணில் ஒட்டிய பூதக்கண்ணாடியைக் கூடக் கழற்றாமல் தெருவைத் தாண்டி வருவார். கையில் ஃபோன் இருக்கும்.

"மாஸ்டர், இதைக் கேளுங்க."

ஃபோனில் ஒரு டாக்டர். வெள்ளைக் கோட்டு, பின்னால் புத்தக அலமாரி, வழுக்கிக்கொண்டு இறங்கும் குரல். நம்மைக் கேட்காமலேயே நம் ரொட்டியில் மருந்து போடுகிறார்கள், வயதானவர்களின் நரம்புகள் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா என்று கேட்டார் அவர்.

"இன்னிக்கு மட்டும் அஞ்சு பேர் எனக்கு அனுப்பியிருக்காங்க மாஸ்டர். என் மச்சான், வீட்டுக்காரர், லைப்ரரியில இருக்கறவர்... அஞ்சு பேரும் முட்டாளா?"

மாஸ்டர் தலையாட்டினார். அஞ்சு பேர். ஆறு கடை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆலைக்காரரும் ஒரு வழி காட்டியிருந்தார். ஊர் ரொட்டிக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இந்த மாவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், மேலிடத்தில் பேசி, இந்த ஊருக்கு மட்டும் பழைய மாவையே அனுப்ப அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம். மனு தயாராகிவிட்டது. சங்கத்தின் தலைவர் மாஸ்டர். முதல் கையெழுத்து அவருடையது. அவர் போட்டால் மற்றவர்கள் பேனாவைக் கீழே வைக்காமலேயே கைமாற்றிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸம்மா வந்தார். தெருக்கோடியில் இருக்கும் சுகாதார நிலையத்தில் வேலை. தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு ரொட்டி வாங்கிக்கொள்வார். அன்று ரொட்டியை வாங்கிப் பையில் வைத்தவர் நகராமல் நின்றார்.

"மனு குடுக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன் மாஸ்டர்."

"ஆமா."

"அதுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசலாமா?"

"நர்ஸம்மா, நீங்க படிச்சவங்க. நான் இல்லேங்கல. ஆனா நாங்க ஆறு பேர் கண்ணால பாத்திருக்கோம், கையால தொட்டிருக்கோம். நீங்க வாங்கின ரொட்டியையே பாருங்க. எப்படி இருந்த ரொட்டி!"

"ரொட்டி நல்லா இல்லைதான்" என்று நர்ஸம்மா ஒப்புக்கொண்டார். "அது ஏன்னு எனக்குத் தெரியாது. ரொட்டி போடற வேலை எனக்குத் தெரியாது. அந்த வைட்டமினை ஏன் மாவுல போடறாங்கன்னு மட்டும் தெரியும். ஒரு பொண்ணுக்குத் தான் கர்ப்பமா இருக்கறதே பல சமயம் உடனே தெரியாது. அவளுக்குத் தெரியறதுக்குள்ளயே உள்ளே இருக்கற குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடற வேலை முடிஞ்சுடுது. சரியா மூடாம விட்டுப்போனா அப்புறம் எந்த மாத்திரையாலயும் அதை மூட முடியாது. அதனாலதான் எல்லாரும் சாப்பிடற ஒண்ணுல முன்கூட்டியே போட்டுடறாங்க."

"போட்டா எல்லாக் குழந்தையும் நல்லபடியா பொறந்துடுமா?"

"அப்படி நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பாதிக்கப்படற குழந்தைங்க எண்ணிக்கை குறையுது. நல்லாவே குறையுது. இதைச் செஞ்ச நாடுகள்ல வருஷக்கணக்கா பாத்திருக்காங்க."

"அந்த டாக்டர் நரம்புங்கறாரே?"

"அவர் கேட்ட கேள்வி தப்பில்ல மாஸ்டர். வயசானவங்களுக்கு வேற ஒரு வைட்டமின் குறைஞ்சிருந்தா, இதைச் சாப்பிடறதால அந்தக் குறை வெளிய தெரியாம மறைஞ்சுடுமோன்னு சந்தேகம் இருந்துச்சு. அதை முதல்ல கேட்டதே ஆராய்ச்சி பண்ணவங்கதான். அதனாலதான் அளவைக் கம்மியா வெச்சாங்க. இன்னும் கவனிச்சுக்கிட்டும் இருக்காங்க. இவர் கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டு பதிலை விட்டுட்டார்."

மாஸ்டர் மேஜை மேல் சிந்தியிருந்த மாவை உள்ளங்கையால் ஒரு ஓரமாகத் தள்ளினார். நர்ஸம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நான் வரலாமா?" என்று கேட்டார். "வாங்க" என்றாள் மனைவி கல்லாவிலிருந்து, மாஸ்டருக்கு முன்னால்.

நர்ஸம்மா போனார். பின்பக்க மேஜையில் மகள் ஒரு கேக்கின் ஓரத்தில் கிரீம் பூக்கள் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை கடையின் வேனை ஓட்டுகிறார். இருவருக்கும் மாடி அறை. அவள் கடைசிப் பூவை வைத்துவிட்டு, கிரீம் பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நர்ஸம்மா யாரைப் பத்திப் பேசினாங்கன்னு தெரியுதா?"

மாஸ்டர் திரும்பினார்.

"என்னைப் பத்தி. பயப்படாதீங்க, இன்னும் ஒண்ணும் இல்ல. ஆனா ஆகலாம். அப்படி ஆனாலும் எனக்கே உடனே தெரியாது. நான் தினமும் காலையில சாப்பிடறது நீங்க போடற ரொட்டி."

அவர் உட்கார்ந்துபோன ரொட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ரொட்டி எழும்பவே மாட்டேங்குதேம்மா" என்றார். அவர் குரல் ரொட்டியைவிடத் தாழ்ந்திருந்தது.

"மாவுதான் காரணம்னு எப்படித் தெரியும்?"

"புது மாவு வந்துச்சு, ரொட்டி கெட்டுச்சு. இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?"

மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குரலைக் கனமாக்கி, அப்பாவைப் போலவே புருவத்தைச் சுருக்கினாள். "'ஏண்டா, தண்ணியையும் மாத்தி உப்பையும் மாத்தினா எது கெடுத்துச்சுன்னு உன் தாத்தாவா வந்து சொல்வார்? ஒரு நேரத்துல ஒண்ணைத்தான்டா மாத்தணும்!' இது யார் சொல்றது? இந்தக் கடைக்கு வேலைக்கு வந்த அத்தனை பேரும் இந்தத் திட்டை வாங்கியிருக்காங்க."

மனைவி கல்லாவில் குலுங்கிச் சிரித்தாள். மாஸ்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் தன் வார்த்தையே தன்னைத் திட்டும்போது யார் மேல் கோபப்படுவது?

கேக்குக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பழைய மாவு கொஞ்சம் மிச்சமிருந்தது. மகள் அதில் ஒரு உருண்டை, பச்சை முத்திரை மாவில் ஒரு உருண்டை பிசைந்தாள். ஒரே தண்ணீர், ஒரே உப்பு, ஒரே வாளியிலிருந்து எடுத்த தாய்மாவு. தாய்மாவு என்றால் புளிக்க வைத்த மாவு. அதில் கொஞ்சம் சேர்த்தால்தான் ரொட்டி எழும்பும். தினமும் எடுத்த அளவுக்குப் புது மாவும் தண்ணீரும் ஊட்டிவிட்டால் அது வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும். மாஸ்டரின் வாளி ஊரிலேயே பெயர் வாங்கியது. வருஷத்துக்கு ஒரு முறை, அடுப்புக் கொத்தனார் வரும்போது, ஆறு கடையும் ஒன்றாக மூடி அடுப்பைப் பழுது பார்ப்பார்கள். கடை திறக்கும் நாளன்று மற்ற ஐந்து கடைக்காரர்களும் கிண்ணத்தோடு மாஸ்டர் கடைக்கு வந்து, அந்த வாளியிலிருந்து புதிதாகத் தாய்மாவு வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அது ஒரு ராசி. மாஸ்டருக்கு அது ஒரு பெருமை.

இரண்டு கிண்ணங்களின் அடியிலும் பென்சிலால் குறி போட்டு, துணி மூடி, மகள் மத்தியானம் வரை வைத்தாள்.

"இப்ப தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. எது மருந்து மாவு?"

மாஸ்டர் துணியை விலக்கினார். இரண்டிலும் விரலை அழுத்தினார், மோந்தார். யோசிக்கவே தேவையில்லை என்பது போல இடது கிண்ணத்தைத் தள்ளினார். "இது. எப்படி ஒட்டுது பாரு. உயிரே இல்ல."

மகள் கிண்ணத்தைத் தூக்கி அடியைக் காட்டினாள். பழைய மாவு.

இரண்டும் எழும்பவில்லை. அதை இருவருமே கவனித்தார்கள். இடது கிண்ணம் வலதைவிட ஒரு பிடி மோசம், அவ்வளவுதான்.

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறி மோந்தார்.  

"ஒண்ணு சொல்றேன்" என்றார். "தாய்மாவுக்கு நான் இப்ப புது மாவைத்தானே ஊட்டறேன். அதைத் தின்னுதான் தாய்மாவே கெட்டுப்போயிருக்கும். கெட்ட தாய்மாவை எந்த மாவுல போட்டாலும் எழும்பாது."

"நல்ல சந்தேகம்பா" என்றாள் மகள். கிண்டலாகச் சொல்லவில்லை. "அப்ப நம்ம வாளிக்குச் சம்பந்தமே இல்லாத தாய்மாவு ஒண்ணு வேணும். அதுவும் இந்தப் புது மாவையே தின்னிருக்கணும். அது எழும்புதான்னு பாத்தா தெரிஞ்சுடும்."

"அதுக்கு எங்கே போறது?"

"பஸ் ஸ்டாண்டு அக்கா கடைக்கு" என்றாள் மனைவி.

அந்தப் பெயர் அந்தக் கடையில் சொல்லப்பட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பஸ் ஸ்டாண்டை ஒட்டி ரொட்டிக் கடை வைத்திருப்பவளை ஊரில் சிறியவர் பெரியவர் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் அவளும் சங்கத்தில் இருந்தாள். ஒரு கூட்டத்தில் அவள் கொண்டுவந்த உலர்திராட்சை ரொட்டியைப் பிட்டுப் பார்த்து, "இது ரொட்டியா, மிட்டாயா?" என்று மாஸ்டர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் சங்கத்தை விட்டு விலகினாள். மாஸ்டரின் வாளிப் பக்கமும் அதற்குப் பிறகு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் தனியாகக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டை ஒரு முறை சுற்றினார். இரண்டாவது முறை சுற்றும்போது அக்கா கடைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"என்ன மாஸ்டர், பஸ்ஸைத் தவறவிட்டுட்டீங்களா? உள்ள வந்து உக்காந்து தவறவிடுங்க."

உள்ளே போனார். போகும்போதே பார்த்துவிட்டார். அலமாரி நிறைய ரொட்டிகள், வரிசையாக, முதுகு நிமிர்ந்து, கீறல் விட்டு. அவர் ஒரு ரொட்டியை எடுத்தார். அடியைத் தட்டினார். உள்ளே காலியாக இருக்கும் பானை மாதிரி நல்ல சத்தம் வந்தது.

"என்ன மாவு?"

அக்கா கட்டைவிரலால் மூலையைக் காட்டினாள். பச்சை முத்திரை. "உங்களுக்கு வர்ற அதே லாரிதான். உங்க எல்லாருக்கும் இறக்கிட்டு கடைசியா இங்க வரும். அதனால எனக்கு எப்பவும் ஓரம் கிழிஞ்ச மூட்டை."

"ரொட்டி எழும்புதா?"

"கையில பிடிச்சுக்கிட்டே கேக்கறீங்களே, கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டீங்களா?"

"தாய்மாவுக்கு என்ன ஊட்டறீங்க?"

"இதையேதான். வேற என்ன, பாலும் பழமுமா ஊட்டுவேன்?"

மாஸ்டர் ரொட்டியை மறுபடி தட்டிப் பார்த்தார். "எங்க ஆறு கடையிலயும் ரொட்டி உக்காந்துபோனது உங்களுக்குத் தெரியாதா? இங்க நல்லா வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாரு கேட்டாங்க?" என்றாள் அக்கா. பேச்சோடு பேச்சாக ஒரு பயணிக்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். "ஆறு பேரும் ஒருத்தர் கடைக்கு ஒருத்தர் போய்க் கேட்டுக்கிட்டீங்க. ஆறு பேருக்கும் ஒரே வாளி. அது கெட்டுப்போனா எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கெடும். என் வாளி வேற."

மாஸ்டர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ்கள் வந்தன, போயின. ஆறு சாட்சி இருக்கிறது என்று எத்தனை தைரியமாக இருந்தார்! ரஸ்க் கடைத் தம்பி சொன்னது அவன் சொந்தமாகக் கண்டதுதான், பொய்யில்லை. மற்றவர்களும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஆறு பேரும் சொன்னது ஒரே ஒரு விஷயம்: மாஸ்டரின் வாளி கெட்டிருக்கிறது. ஆறு வாய் வழியாக ஒரே வாளி பேசியிருக்கிறது. அவர் அதை ஆறாக எண்ணிவிட்டார். எண்ணும்போது ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. தப்பாக நினைப்பது இவ்வளவு நிம்மதியாக இருக்குமா?

கடைக்குத் திரும்பியதும் நேரே வாளியிடம் போனார். முன்பெல்லாம் அது பின்வாசல் ஓரம், குளிர்ந்த மூலையில் இருக்கும். இந்த வருஷம் அடுப்பைப் பழுது பார்க்கக் கடை மூடியிருந்த நாட்களில், சுவருக்கு வெள்ளை அடித்தபோது அதை எடுத்து, கொத்தனார் புதிதாகக் கட்டிக் கொடுத்த பலகையில் வைத்தது அவரேதான். நல்ல உயரம், குனிய வேண்டாம் என்று நினைத்தார். பலகைக்குப் பின்னால் இருப்பது அடுப்பின் முதுகுச் சுவர். அதில் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்தார். புதிதாகப் பூசிய அடுப்பு காய்வதற்காகக் கடை திறக்கும் முன்பே நாள் கணக்கில் தீ மூட்டியிருந்தார்கள். கடை திறந்த வாரம் பச்சை முத்திரை மூட்டை வருவதற்கு முன்பே தாய்மாவு அங்கே சூட்டில் வெந்து சோர்ந்திருக்கிறது. அதைத்தான் ஐந்து கிண்ணங்களில் ஊருக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றாள் மனைவி.

"நான்தான்" என்றார் மாஸ்டர்.

அவள் காலிக் கிண்ணம் ஒன்றைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். தாய்மாவு கேட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு இன்னொரு தடவை போக வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். சங்கத்தில் உறுப்பினர் இல்லாத ரேடியோவும் வழக்கம் போல முன்வரிசையில். பின்னால் நர்ஸம்மா. அவருக்குப் பக்கத்தில், பல வருஷங்களுக்குப் பிறகு, பஸ் ஸ்டாண்டு அக்கா. மனு மேஜை மேல் இருந்தது, பேனா அதன் மேல்.

மாஸ்டர் எழுந்து நின்றார்.    ரொட்டி வேகும் நேரம் போல என்று நினைத்துக்கொண்டு ரேடியோகூட வாயை மூடிக்கொண்டார். மாஸ்டர் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டு, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

"எப்படி இருக்கு?"

"ஆகா, பழைய ரொட்டி!" என்றான் ரஸ்க் கடைத் தம்பி. "பழைய மாவு எங்கே கெடச்சுது அண்ணே?"

"இது பச்சை முத்திரை மாவு. பஸ் ஸ்டாண்டுல... அக்கா போட்டது."

அவர் அக்கா என்று சொன்னதைக் கேட்டு அக்கா கூரையைப் பார்த்தாள். அவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். இத்தனை வருஷமும் அவளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை.

மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். வாளியை இடம் மாற்றியதை, அடுப்பின் சூட்டை, ஐந்து கிண்ணங்களை. கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துத் தவறாகச் சொன்னதையும் விடவில்லை.

"ஆக, மாவு மேல பழி போட்டோம்" என்றார். "ஆறு பேர் சொல்றோமேன்னு தைரியம். ஆறு பேர் இல்ல, ஒரு வாளி."

"சரி மாஸ்டர், ரொட்டி விஷயம் அப்படியே இருக்கட்டும்" என்றார் ரேடியோ. "அந்த டாக்டர் சொல்றது? எனக்கு அஞ்சு பேர் அனுப்பியிருக்காங்களே!"

"அஞ்சு பேரும் என்ன அனுப்பினாங்க?"

"அந்த வீடியோதான்."

"அஞ்சு பேரும் அதே வீடியோவா?"

ரேடியோ பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. ஆனால் ரேடியோ லேசில் விடுகிற ஆளில்லை.

"நானும் ஒண்ணு கேக்கறேன். இந்த மாவு நல்லதுன்னு சொல்ற ஆராய்ச்சிக்காரங்க அத்தனை பேரும் ஒரே வாளியா இருந்தா?"

சிரிப்பு நின்றது. மாஸ்டர் நர்ஸம்மாவைப் பார்த்தார்.

"நியாயமான கேள்வி" என்றார் நர்ஸம்மா. "அதைத்தான் முதல்ல கேக்கணும். அவங்க ஒரே ஊர் ஆளுங்க இல்ல. வேற வேற நாடு, வேற வேற சாப்பாடு. ஒருத்தர் ஒண்ணு கண்டுபிடிச்சா, அது தப்புன்னு காட்ட இன்னொருத்தர் காத்துக்கிட்டு இருப்பாரு. தப்புன்னு நிரூபிச்சா அவருக்குப் பேரு. அப்படித் தட்டித் தட்டிப் பாத்தும் நின்ன விஷயம் இது. இந்தத் துறையில வேலை பாக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க ஒத்துக்கறாங்கன்னா, கூடி உக்காந்து பேசித் தலையாட்டினதால இல்ல. தனித்தனியா சோதிச்சும் ஒரே இடத்துக்கு வந்து சேந்ததால."

"நாளைக்கே அது தப்புன்னு தெரிஞ்சா?"

"அந்தச் செய்தியையும் நான்தான் வந்து சொல்வேன். இதே ரொட்டி வாங்கற நேரத்துல."

ரேடியோ உட்கார்ந்தார். மாஸ்டர் மேஜை மேலிருந்த மனுவை எடுத்தார். நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பேனாவின் மூடியைத் திருகினார்.

"நான் பெருசா படிச்சவன் இல்ல" என்றார். "இந்த வாரம் எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். ஒரு விஷயத்தை எத்தனை பேர் சொல்றாங்கன்னு எண்ணறதுக்கு முன்னாடி, அது எத்தனை வாளியிலேருந்து வருதுன்னு எண்ணணும். ஒருத்தர் சொன்னதை ஊரே திருப்பிச் சொன்னாலும் அது ஒருத்தர் சொன்னதுதான். தனித்தனியா, ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டு, சோதிச்சுப் பாத்த பல பேர் ஒரே முடிவுக்கு வந்தா, அதுக்கு நம்ம கோபத்தைவிட எடை ஜாஸ்தி. என் பொண்ணு சாப்பிடற ரொட்டி, உங்க பொண்ணுங்க சாப்பிடற ரொட்டி. நான் கையெழுத்துப் போடல."

யாரும் போடவில்லை. அன்றே இன்னொரு தீர்மானமும் ஆயிற்று: இனிமேல் ஒவ்வொரு கடைக்கும் சொந்த வாளி, வருஷா வருஷம் ஒரே இடத்தில் போய் வாங்குவதில்லை. அதற்கு முதல் பிடி தாய்மாவு தருவதாக அக்கா ஒப்புக்கொண்டாள். "ஆனா ஒண்ணு" என்றாள் கதவருகில் நின்று. "திராட்சை போட்டது ரொட்டிதான். அதையும் தீர்மானத்துல எழுதிக்கங்க." எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை. மாஸ்டர் அடுப்பின் கதவைத் திறந்தார். முதுகுகள் நிமிர்ந்து வரிசையாக நின்றன.  மகள் ஓரத்துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, சூடு தாங்காமல் ஊதினாள். பின்வாசல் மூலையில், குளிர்ந்த தரையில், புது வாளி துணி போர்த்திக்கொண்டு மெல்லக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

தெருவைத் தாண்டி ரேடியோ வந்தார், கண்ணில் கண்ணாடி, கையில் ஃபோன்.

"மாஸ்டர்! உப்பைப் பத்தி ஒரு பெரிய சேதி! காலையிலேருந்து ஏழு பேர்..."

மாஸ்டர் துடுப்பைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். ரேடியோ பாதி வழியிலேயே நின்றார், ஃபோனைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"இருங்க. வாளியை எண்ணிட்டு வரேன்."